அவரை பாத்துக்கோ

செவ்வாப்பேட்டை
18 செப்டம்பர் 2024

கல்பனாவுக்கு,

நலமா என்று கேட்டால் “இப்போ அதுக்கு இன்னா?” என்பாய். அதனால் கேட்கவில்லை. கும்மிடிப்பூண்டியில் உன் சிநேகிதி அருணா நடத்துகிற லேடீஸ் ஹாஸ்டலில் வார்டன் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாய் என்று பூமிகா சொன்னாள். விலாசத்தை அவளிடம் கெஞ்சித்தான் வாங்கினேன். பெற்ற மகள், அப்பனிடம், “அம்மாவ கேட்டுட்டு தரேம்பா” என்கிறாள். இருக்கட்டும்.

போனில் கூப்பிட்டால் நீ எடுப்பதில்லை. எடுத்தாலும் எனக்கு விளங்கப்போவதில்லை. காக்களூர் கம்பெனியில் பிரஸ் ஷாப்பில் நின்று நின்றே இடது காது போய்விட்டது. நான் ரிட்டயர் ஆகிவிட்டேன், வலது காது மட்டும் இன்னும் ஓவர்டைம் பார்த்துக்கொண்டிருக்கிறது. ஆகவே இன்லண்ட் லெட்டர். போஸ்ட் ஆபீசில் கேட்டபோது அந்தப் பெண் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுத்தான் எடுத்துக் கொடுத்தாள்.

விஷயத்துக்கு வருகிறேன். நீ பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிய மறுநாள் மத்தியானம் பக்கத்து வீட்டு கிறிஸ்டினா டிபன் பாக்ஸோடு வந்து நின்றாள். திறந்தால் சோறு, கருவாட்டுக் குழம்பு, அவித்த முட்டை. “இன்னாம்மா இது?” என்றேன். “அக்கா சொல்ட்டு போயிருக்காங்கண்ணா. சொவுத்துக்கு அந்தாண்ட நின்னுக்கினு, ‘கிறிஸ்டினா, அவரை பாத்துக்கோ, வாட வுட்றாத’ன்னாங்க. கண்ணு வேற கலங்கிப்போச்சு அவங்களுக்கு” என்றாள்.

அன்றிலிருந்து ஒரு வேளை தவறாமல் வருகிறது. அவள் புருஷன் ஸ்டீவன் நைட் ஷிப்டு முடித்து வருகிற நாளில் காலை நாஷ்டாவும் சேர்ந்து வருகிறது. என்னோடு பேச்சை நிறுத்திவிட்டு, ஒரு வார்த்தை சொல்லாமல் போனவள், போகிற போக்கில் எனக்கு இப்படி ஒரு ஏற்பாடு செய்துவிட்டுப் போயிருக்கிறாய். சோறு தொண்டையில் இறங்கவில்லை என்று எழுதினால் பொய். நன்றாகவே இறங்கியது. சாப்பிட்டு முடித்த பிறகுதான் அழுகை வந்தது. எழுதிவிட்டேன், போ.

கோபம் கொஞ்சம்தான் மிச்சம் என்று நினைக்கிறேன். எப்போது வருகிறாய்? சொன்னால் ஸ்டேஷனுக்கு வண்டி எடுத்துக்கொண்டு வருவேன்.

மணவாளன்

*

கும்மிடிப்பூண்டி
26 செப்டம்பர் 2024

பூமிகா அப்பாவுக்கு,

கடிதத்தை ஹாஸ்டல் மாடிப்படியில் உட்கார்ந்து படித்தேன். படித்துவிட்டு அப்படியே சிரித்தேன். வேலைக்குக் கிளம்பிய பெண்கள் இரண்டு பேர் நின்று, “ஆண்ட்டி, இன்னா ஆச்சு?” என்று கேட்கிற அளவுக்குச் சிரித்தேன். இங்கே வந்த பிறகு அன்றுதான் முதல்.

நான் கிறிஸ்டினாவிடம் சொன்னது அவரைக்கொடியை.

ஆடிப்பெருக்கன்று சுவரோரம் போட்டேனே, அந்த அவரையை. நீங்கள் எனக்கு மிச்சம் வைத்த ஒரு முழ அகல மண்ணில், அதுவும் அடியில் தண்ணீர்க் குழாய் போகிறது என்று மேஸ்திரி சடையப்பன் பயந்து விட்டுவைத்த மண்ணில், முளைத்த அவரையை. வாட விடாதே என்று செடியைத்தான் சொல்வார்கள். அறுபது தாண்டிய ஆம்பிளையை யாராவது வாட விடாதே என்று சொல்வார்களா? நீங்கள் வாடுகிற ஆளா?

அய்யோ, அந்தப் பெண் இத்தனை நாளாக உங்களுக்குச் சோறு போட்டுக்கொண்டு செடியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் இருந்திருப்பாள். செடி இருக்கிறதா, இல்லையா? அதை மட்டும் எழுதுங்கள். கொடி பிடித்து ஏறுகிற வயசு அதற்கு. நான் ஒரு குச்சிகூட நட்டுவிட்டு வரவில்லை. குச்சி நட நின்றால் கிளம்ப மனசு வராது என்று தெரிந்துதான் நடவில்லை.

கிறிஸ்டினாவுக்கு நானே போன் போட்டு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். பாவம், அவளுக்கு இரண்டு சின்னப் பிள்ளைகள்.

ஊருக்கு வருவதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. அது உங்களுக்கு நினைவிருக்கட்டும்.

கல்பனா

*

செவ்வாப்பேட்டை
4 அக்டோபர் 2024

கல்பனாவுக்கு,

படித்தேன். படித்துவிட்டு வாசல் கதவைச் சாத்திக்கொண்டேன். கிறிஸ்டினா மூஞ்சியைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. நீ போன் போடுவதற்கு முன்னால் இந்தக் கடிதம் வந்து சேர்ந்தால் தயவுசெய்து போடாதே. சோற்றுக்காகச் சொல்லவில்லை. சரி, சோற்றுக்காகவும்தான். ஆனால் அந்தப் பெண் கேட்டைத் திறந்துகொண்டு வந்து, “அண்ணா, சாப்ட்டீங்களா?” என்று கேட்கிற அந்த ஒரு வார்த்தைதான் எனக்கு நாள் முழுக்கக் கிடைக்கிற பேச்சு. வலது காதுப் பக்கமாக வந்து நின்று கேட்கிறாள். அதை யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

செடி இருக்கிறது. பயப்படாதே. கீழ் இலை மஞ்சளாகி உதிர்ந்திருக்கிறது. நுனி மட்டும் பச்சையாகத் தரையில் ஓடி, துணி துவைக்கிற கல்லைப் பிடித்துக்கொண்டிருந்தது. எப்படிப் பிழைத்தது என்று நானே யோசித்துப் பார்த்தேன். கிறிஸ்டினா கொடுத்த சோற்றைத் தின்றுவிட்டு, உள்ளே குழாய்க்குப் போகச் சோம்பல்பட்டு, அந்த மூலையில்தான் தினமும் சொம்புத் தண்ணீரில் கை கழுவிக்கொண்டிருந்தேன். மழை இல்லாத புரட்டாசியில் அதற்குக் கிடைத்த தண்ணீர் அவ்வளவுதான். ஆக நீ எதைச் சொல்லியிருந்தாலும் சரி, அவள் எதைப் புரிந்துகொண்டிருந்தாலும் சரி, இரண்டு அவரையும் உயிரோடு இருக்கிறது.

பழைய ஆன்டெனா பைப்பை நட்டு, நைலான் கயிறு கட்டிவிட்டேன். பைப்பைத் தூக்குமட்டம் வைத்துப் பார்த்துத்தான் நட்டேன். செங்குத்தாக நிற்கிறது. கொடிக்குப் போதுமா?

ஒன்று கேட்கிறேன். வாசல் முழுக்கச் சிமெண்ட் போட்டது அவ்வளவு பெரிய குற்றமா? பூமிகா குழந்தையோடு காரில் வந்தால் நிறுத்த இடம் வேண்டும் என்றுதானே போட்டேன்? சேற்றில் நீ வழுக்கி விழுந்தது மறந்துபோச்சா?

மணவாளன்

*

கும்மிடிப்பூண்டி
17 அக்டோபர் 2024

பூமிகா அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் வருவதற்கு முன்பே கிறிஸ்டினாவுக்குப் போன் போட்டுவிட்டேன். சொன்னதை இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். அப்புறம், “அய்யோ, செடியையாக்கா சொன்னீங்க? நான் கூட, அக்காவுக்கு அண்ணன் மேல இன்னா பாசம்னு ஸ்டீவன்கிட்ட சொல்லி சண்டை போட்டேனே!” என்றாள். பிறகு அவளே, “போவட்டும்க்கா. அவரையும் பாத்துக்கறேன், அவரையும் பாத்துக்கறேன்” என்றாள். அதனால் உங்கள் சோற்றுக்குப் பங்கம் இல்லை.

சிமெண்ட் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். சிமெண்டுக்காக நான் வீட்டை விட்டு வரவில்லை.

பூமிகா பிரசவத்துக்கு ஓசூர் போனவள், ஆடி பிறந்ததும் திரும்பி வந்தேன். கையில் ஈரத்துணி சுற்றிய ரோஜாக் குச்சி. கேட்டைத் திறந்தால் வாசலிலிருந்து கிணற்றடி வரை ஒரே வெள்ளை. வெயில் பட்டுக் கண் கூசுகிறது. கத்தரி இல்லை, கனகாம்பரம் இல்லை, டிசம்பர் பூச்செடி இல்லை. நான் செடியைக் கேட்கவில்லை. செடி போனால் இன்னொன்று வரும். “மண்ணு எங்க?” என்றுதான் கேட்டேன். “சடையப்பன் டிராக்டர்ல வாரிக்கினு போய்ட்டான், எங்கியோ பள்ளம் ரொப்ப. மண்ணுதானே?” என்றீர்கள்.

மண்ணுதானே. நாம் குடிவந்தபோது அது மண்ணா? செங்கல் உடைசலும் களியும். மழை பெய்தால் சேறாகும், வெயிலில் பானை மாதிரி காய்ந்து வெடிக்கும். காய்கறித் தோல், முட்டை ஓடு, டீத்தூள், ரோட்டில் கிடந்த சாணி, கோயிலில் கழித்த மாலை, எல்லாம் போட்டுப் போட்டு அதை மண்ணாக்கினேன். முதல் மண்புழு வந்த அன்றைக்கு உங்களைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஷிப்டுக்கு நேரமாகுது என்றீர்கள். நான் ஒருத்தியாக நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதையும் விட்டுவிடலாம். “யாரைக் கேட்டு அள்ளிக் கொடுத்தீங்க?” என்றதற்கு என்ன சொன்னீர்கள்? “என் ஊட்ல நான் யார கேக்கணும்?” என்றீர்கள். இரண்டாவது தடவை கேட்டேன், காதில் விழாமல் ஏதாவது சொல்லிவிட்டீர்களோ என்று. இரண்டாவது தடவையும் அதையேதான் சொன்னீர்கள்.

சரி, உங்கள் ஊட்டில் நீங்கள் இருங்கள். எனக்கு இங்கே ஒரு கட்டில், ஒரு பீரோ, மொட்டை மாடியில் பெயிண்ட் பக்கெட்டில் வெண்டை. காலையில் போய்ப் பார்த்தால் இலையெல்லாம் கரி. எந்தப் புகைபோக்கியிலிருந்து வருகிறதோ தெரியவில்லை. ஈரத்துணியால் ஒவ்வொரு இலையாகத் துடைக்கிறேன். “ஆண்ட்டி செடிக்கு மூஞ்சி கழுவுறாங்க” என்று பெண்கள் சிரிக்கிறார்கள். சாயங்காலம் மறுபடியும் கரி.

அவரைக்கு நுனி கிள்ளி விடுங்கள். கிள்ளினால்தான் பக்கக் கிளை வரும். உங்களுக்குப் பிடித்த வேலைதான், வெட்டுவது.

கல்பனா

*

செவ்வாப்பேட்டை
6 நவம்பர் 2024

கல்பனாவுக்கு,

உன் கடிதத்துக்குப் பதில் எழுத உட்கார்ந்து மூன்று இன்லண்ட் வீணாகிவிட்டது. முதல் இரண்டில் உன்மேல் தப்பு என்று எழுதியிருந்தேன். மூன்றாவதில் என்ன எழுதுவது என்று தெரியவில்லை. அதனால் மழையைப் பற்றி எழுதுகிறேன்.

மழை பிடித்துக்கொண்டது. சிமெண்ட் தளத்துக்குத் தண்ணீர் எங்கே போவது என்று தெரியவில்லை. தெருப் பக்கம் சரிவு வைக்கச் சொன்னேன், சடையப்பன் ஆட்கள் சமையல்கட்டுப் பக்கம் வைத்துவிட்டார்கள். நான் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். கம்பெனியில் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு தப்பைக்கூடக் கண்டுபிடித்து ஐட்டத்தைத் திருப்பி அனுப்பிய ஆள் நான், என் வாசலில் சரிவு திரும்பிப் போனதைப் பார்க்கவில்லை. அரிசி டின் வரை தண்ணீர் வந்துவிட்டது. உன் காலத்தில் இந்த வாசலில் தண்ணீர் நின்றதே இல்லை. மண் குடித்துவிடும் போலிருக்கிறது. அது எனக்கு இப்போதுதான் தெரிகிறது.

அவரைக்கு வேர் அழுகிவிடும் என்று கிறிஸ்டினா கத்தினாள். கடப்பாரை எடுத்து, சுவரோரம் தளத்தைக் குத்தி, தெருவரைக்கும் வாய்க்கால் போட்டேன். ஸ்டீவன் ஒரு கை கொடுத்தான். உள்ளங்கையில் கொப்புளம். செடி தப்பித்தது, ஆன்டெனா பைப்பின் பாதி உயரம் ஏறிவிட்டது. நுனி கிள்ளினேன். கிள்ளிய நுனியைத் தூக்கிப் போட மனசு வரவில்லை, நம்பினால் நம்பு.

தளத்துக்கும் சுவருக்கும் நடுவில் கோரை முளைத்திருக்கிறது. நீ காலமெல்லாம் பிடுங்கிக்கொண்டிருந்த அதே கோரை. உன் செடி எல்லாம் போய்விட்டது, உன் எதிரி மட்டும் சிமெண்டைக் கிழித்துக்கொண்டு வந்து நிற்கிறது.

தீபாவளி வந்தது, போனது. கிறிஸ்டினா முறுக்கு சுட்டுக் கொண்டுவந்தாள், அவர்களுக்குப் பண்டிகை இல்லையென்றாலும். எண்ணெய் தேய்த்துக்கொண்டேன். முதுகுக்குக் கை எட்டவில்லை.

மணவாளன்

*

கும்மிடிப்பூண்டி
15 நவம்பர் 2024

பூமிகா அப்பாவுக்கு,

கொப்புளத்தை ஊசியால் குத்தாதீர்கள். தேங்காய் எண்ணெய் வையுங்கள்.

தீபாவளிக்குப் பெண்கள் எல்லாரும் ஊருக்குப் போய்விட்டார்கள். தர்மபுரிக்கும் விழுப்புரத்துக்கும் பஸ் ஏற்றிவிட்டு வந்து பார்த்தால் மூன்று மாடிக் கட்டிடத்தில் நான் ஒருத்தி. ஒவ்வொரு மாடியாகப் போய் ஆளில்லாமல் எரிந்த விளக்கை அணைத்துவிட்டு வந்தேன். இந்த வருஷம் யார் முதுகுக்கும் எண்ணெய் தேய்க்க வேண்டாம், நிம்மதி என்று நினைத்திருந்தேன். ஒரு நிம்மதியும் இல்லை.

வெண்டை இரண்டு காய் வந்தது. கரியைத் துடைத்து, வதக்கி, தட்டில் வைத்தால் ஒரு வாய்க்குக்கூட வரவில்லை. யாருக்காவது கொடுக்கலாம் என்றால் ஆளும் இல்லை.

கோரையை மேலே பிடுங்கினால் போகாது. கீழே கிழங்கு இருக்கும், தோண்டி எடுக்க வேண்டும். அதை எனக்கு யாரும் சொல்லவில்லை, பிடுங்கிப் பிடுங்கித்தான் தெரிந்தது.

கல்பனா

*

செவ்வாப்பேட்டை
7 டிசம்பர் 2024

கல்பனாவுக்கு,

புயல் அடித்ததில், அவரைக்கு நான் புதிதாகப் போட்ட பந்தல் சாய்ந்தது. நிமிர்த்திவிட்டேன். கொடி ஒடியவில்லை. அதை முதலில் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் மேற்கொண்டு படிக்கமாட்டாய்.

இப்போது நான் எழுதப்போவதை நீ உட்கார்ந்து படி.

சரிவைச் சரிசெய்யச் சொல்லி சடையப்பனைத் தேடிக்கொண்டு புட்லூர் போனேன். ஸ்டேஷனுக்குப் பின்பக்கம் புதிதாகப் பிளாட் போட்டிருக்கிற இடத்தில் வேலையாக நின்றான். பேச்சோடு பேச்சாக, “சார், ஒங்க ஊட்டு மண்ணு தோ, அந்த மூலையிலதான் கொட்னேன்” என்று கை காட்டினான். சும்மா திரும்பிப் பார்த்தேன்.

பிளாட் முழுக்கக் களிமண், நடுநடுவே வேலிக்காத்தான் கன்று. அந்த மூலை மட்டும் பச்சையாக நின்றது. கிட்டப் போனேன். மிளகாய் நாற்று. மணத்தக்காளி பழத்தோடு. தக்காளி. கனகாம்பரம் பூத்து நிற்கிறது, டிசம்பர் பூ பூத்து நிற்கிறது. யாரும் விதைக்கவில்லை, யாரும் தண்ணீர் ஊற்றவில்லை. மண்ணுக்குள் நீ என்னென்ன உதிர்த்து வைத்திருந்தாயோ அத்தனையும் இந்த மழைக்கு எழுந்திருக்கிறது. காலடியில் ஏதோ தட்டியது. எடுத்துப் பார்த்தால் கைப்பிடி உடைந்த மஞ்சள் மக். நீ செடிக்கு ஊற்றுகிற மக்.

கல்பனா, உன் தோட்டம் போகவில்லை. புட்லூரில், எவனோ வாங்கப்போகிற பிளாட்டில் இருக்கிறது.

எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. சடையப்பன் வந்து, “சார், இன்னா சார், அழுவுறீங்களா?” என்றான். புழுதி என்றேன். மழை பெய்த சேற்றில் எங்கே புழுதி?

மண்ணுதானே என்று நான் சொல்லியிருக்கக் கூடாது. ஊட்டைப் பற்றிச் சொன்னதையும் சொல்லியிருக்கக் கூடாது. அவ்வளவுதான் எனக்கு எழுத வருகிறது.

அவரையில் மொட்டு கட்டுகிறது. ஆனால் நுனியில் கறுப்பாகப் பேன் மாதிரி ஏதோ மொய்க்கிறது. என்ன செய்ய?

மணவாளன்

*

கும்மிடிப்பூண்டி
14 டிசம்பர் 2024

பூமிகா அப்பாவுக்கு,

கறுப்பாக மொய்ப்பது அசுவினி. கிறிஸ்டினா வீட்டில் விறகு அடுப்பு இருக்கிறது, சாம்பல் வாங்கிச் சலித்து, காலையில் பனி ஈரம் இருக்கும்போதே தூவுங்கள். எறும்பு ஏறினால் அதையும் தட்டி விடுங்கள். எறும்புதான் அதை வளர்க்கிறது. மொட்டில் மருந்து எதுவும் அடிக்காதீர்கள். கடைக்காரன் ஏதாவது டப்பாவைக் கொடுப்பான், வாங்கிவிடாதீர்கள்.

மற்றபடி, எனக்கு நம்பிக்கை இல்லை. என்னைச் சமாதானப்படுத்த எழுதியிருக்கிறீர்கள். கிறிஸ்டினா சொல்லிக்கொடுத்து எழுதினீர்களா? பொய் சொன்னால் எனக்குத் தெரியும்.

கனகாம்பரம் என்ன நிறம்?

கல்பனா

*

செவ்வாப்பேட்டை
30 டிசம்பர் 2024

கல்பனாவுக்கு,

எல்லாம் செங்கல் நிறம். ஒன்றே ஒன்று மட்டும் மஞ்சள். பொன்னேரி சந்தையில் அந்த மஞ்சளைப் பார்த்துவிட்டு நீ நகரமாட்டேன் என்று நின்றதும், நான் பஸ் போய்விடும் என்று கத்தியதும் அதைப் பார்த்த பிறகுதான் ஞாபகம் வந்தது.

தினமும் டிவிஎஸ்ஸில் ஒரு அரிசிச் சாக்கு எடுத்துக்கொண்டு புட்லூர் போய் மண் அள்ளி வருகிறேன். முதல் நாளே அங்கே காவலுக்கு இருக்கிற ஆள் பிடித்துக்கொண்டான். “இன்னா பெரியவரே, மண்ண திருடிக்கினு போறியா? பேஜாரு பண்ணாத, கௌம்பு” என்றான். “திருடல நைனா, இது எங்க ஊட்டுக்காரம்மா மண்ணு” என்றேன். அவன் பெண்டாட்டியைச் சொல்கிறேனா, வீட்டு ஓனரைச் சொல்கிறேனா என்று புரியாமல், “எந்த ஊட்டுக்காரம்மா?” என்றான். இரண்டும் ஒரே ஆள்தான் என்றேன். சொன்ன பிறகு அங்கேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டேன். இந்தப் பதிலை ஆடி மாதம் சொல்லியிருந்தால் நீ கும்மிடிப்பூண்டியில் இருக்கமாட்டாய்.

தளத்தில் பாதியை உடைத்துவிட்டேன். மிச்சப் பாதி இருக்கட்டும், பூமிகா கார் நிற்க. கேட்காமல் முடிவு பண்ணிவிட்டேனே என்று நினைக்காதே, கேட்கிறேன்: இருக்கட்டுமா?

சாம்பல் தூவினேன். அசுவினி போய்விட்டது. அவரை பூத்துவிட்டது. ஊதா நிறம். எதிர் வீட்டிலிருந்து வந்து பார்க்கிறார்கள். எனக்குத்தான் யாரிடம் காட்டுவது என்று தெரியவில்லை. காலையில் பந்தலுக்குக் கீழே போய் நின்று, “கல்பனா, இங்க வா” என்று கூப்பிட்டுவிட்டேன். மண்புழுவை வைத்துக்கொண்டு நீ நின்றது இப்படித்தான் இருந்திருக்கும்.

கடைசியாக ஒன்று கேட்கவேண்டும். கிளம்பும்போது உனக்குக் கண் கலங்கியிருந்தது என்று கிறிஸ்டினா சொன்னாள். ஒரு அவரைக்கொடிக்காகவா கலங்கியது? செடியைத்தான் சொன்னேன் என்று நீ எழுதிவிட்டாய், நானும் நம்பிவிட்டேன். ஆனாலும் கேட்கிறேன். பதில் இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

மணவாளன்

*

கும்மிடிப்பூண்டி
9 ஜனவரி 2025

பூமிகா அப்பாவுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை வந்திருந்தேன்.

எனக்கும் உங்களுக்கும் ஒரே ஜில்லா என்று பேர்தான். ரயிலில் பட்டணம் வரை போய், பேசின் பிரிட்ஜில் வண்டி மாறி, வந்த தூரமே மறுபடி வரவேண்டியிருக்கிறது. செவ்வாப்பேட்டையில் இறங்கவில்லை. அடுத்த ஸ்டேஷன் புட்லூரில் இறங்கினேன். நீங்கள் சொன்னது பொய்யாக இருந்தால் அப்படியே திரும்பிவிடலாம் என்று.

பொய் இல்லை. தூரத்திலிருந்தே அந்த மஞ்சள் தெரிந்தது.

நீங்களும் அங்கே இருந்தீர்கள். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சாக்கைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு, மிளகாய் நாற்று பிடுங்கிக்கொண்டிருந்தீர்கள். பிடுங்கவில்லை, தோண்டினீர்கள். வேரில் ஒட்டிய மண் உருண்டை உடையாமல் இரண்டு கையாலும் தூக்கி, குழந்தையை வைக்கிற மாதிரி சாக்கில் வைத்தீர்கள். கோரையைக் கிழங்கோடு எடுத்துத் தனியாகப் போட்டிருந்தீர்கள். சட்டை முதுகில் கிழிந்திருந்தது. இளைத்துவிட்டீர்கள். கிறிஸ்டினா சோறு போட்டும் இளைத்துவிட்டீர்கள்.

கூப்பிட்டேன். “என்னாங்க” என்றுதான் கூப்பிட்டேன். நீங்கள் திரும்பவில்லை. அப்புறம்தான் தெரிந்தது, உங்கள் இடது பக்கம் நின்று கூப்பிட்டிருக்கிறேன். இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணியும், ஐந்து மாதத்தில் எந்தப் பக்கம் நிற்கவேண்டும் என்பது எனக்கு மறந்துபோயிருக்கிறது. அந்தப் பெண்ணுக்குத் தெரிகிறது, எனக்கு மறந்துவிட்டது. அந்த வெட்கத்தில் இரண்டாவது தடவை கூப்பிடவில்லை. ஓரத்திலிருந்து ஒரு பிடி மண் எடுத்துக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு வந்துவிட்டேன். வெண்டை பக்கெட்டில் போட்டிருக்கிறேன். ரயிலில் அதை மடியில் வைத்துக்கொண்டுதான் வந்தேன், பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா பிரசாதமா என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன்.

மிச்சப் பாதித் தளம் இருக்கட்டும். கேட்டதற்குச் சொல்கிறேன்.

கண் கலங்கியது உண்மை. செடியைத்தான் சொன்னேன் என்பதும் உண்மை. ஆனால் சொல்லிவிட்டு வாசல் வரை வந்தபோது நீங்கள் முதுகைக் காட்டிக்கொண்டு பேப்பர் படித்துக்கொண்டிருந்தீர்கள். அப்போது ஒன்று தோன்றியது. திரும்பிப் போய் கிறிஸ்டினாவிடம் உங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வரலாமா என்று. வீம்பு, சொல்லவில்லை. கிறிஸ்டினா தப்பாகக் காதில் வாங்கினாள் என்று சிரித்தேனே, அன்றைக்குச் சாயங்காலம் மாடியில் இலை துடைக்கப் போனவள், துடைக்காமல் உட்கார்ந்து அழுதேன். நான் சொல்லாமல் வந்ததை அவளாகவே கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

என் வேலைக்கு மாசியில்தான் வேறு ஆள் வருகிறாள். அருணாவை அதுவரை நட்டாற்றில் விட முடியாது. பொங்கலுக்கு நீங்கள் தனியாகத்தான் இருக்கவேண்டும், நானும் இங்கே தனியாகத்தான் இருப்பேன். அவரை காய்க்கட்டும், முற்றவிடாமல் பறித்துக் கிறிஸ்டினாவுக்குக் கொடுங்கள். இரண்டு காய் மட்டும் விதைக்கு விட்டுவையுங்கள், அடுத்த ஆடிக்கு நான் போடவேண்டும்.

அவளிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள். நான் வரும்வரை அவரை பாத்துக்கோ, வாட வுட்றாத என்று.

இந்தத் தடவை செடியைச் சொல்லவில்லை.

கல்பனா